பாலாற்றங்கரையில் நோயும் பேச்சும்

வேலூர் மருத்துவத்தின் பெருமையை எழுத உட்காருபவர்களின் பேனா நேராக அறுவைக் கூடத்துக்குத்தான் போகிறது. 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பு அறுவைத் துறை, 1961-இல் நடந்த திறந்த இதய அறுவை, 1971-இல் நடந்த சிறுநீரக மாற்று என்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புகழ் இந்த வரிசையில்தான் சொல்லப்படுகிறது. எல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால் கத்தி வைப்பதற்கு முன்னால் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கு ஒரு பதில் வந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை யார் கேட்டார், எந்தப் பேச்சில் கேட்டார், பதிலை யார் வாயால் சொன்னார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் அந்த வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இங்கே மருத்துவம் மக்களை எட்டியதற்கு மருத்துவர் அவர்களுடைய மொழியைக் கற்றது மட்டும் காரணம் அல்ல, நடுவில் நின்று பேச ஓர் ஆள் இருந்ததும் காரணம் என்பதே என் வாதம். அந்த ஆளுக்குப் பயிற்சியும் கூலியும் கிடைத்த இடத்தில் மறைந்திருந்த நோய் வெளியே வந்தது. கிடைக்காத இடத்தில் இன்னும் மறைந்தே கிடக்கிறது.

இது ஒரே மொழி பேசும் வட்டாரம் அல்ல. 1911 வரை சித்தூரும் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கோடு போட்டுப் பிரித்த பிறகும் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் தெலுங்கு வீட்டுப் பேச்சாகவே நீடித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் உருது, கடைத்தெருவில் தமிழ். தோல் வணிகம் செய்த ஆண்களுக்கு இரண்டு மூன்று மொழிகள் தாமாகவே வந்துவிடும். வெளியே அதிகம் புழங்காத பெண்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தோல் ஷாப் எனப்படும் பதனிடும் கூடத்தில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்ற தலித் தொழிலாளிக்குத் தமிழே தாய்மொழி. அவரைப் பார்த்த மருத்துவரும் தமிழ் பேசியிருக்கலாம். ஆனாலும் தொழிலாளி சொல்வதில் எதைக் கேட்டு எழுதிக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்பதைப் படிப்பும் சாதியும் சேர்ந்தே முடிவு செய்தன. மருத்துவமனையில் மொழிச் சிக்கல் என்றால் இந்தி தெரியாதவர், தமிழ் தெரியாதவர் என்று மட்டும் எண்ணுகிறோம். ஒரே மொழிக்குள் இருக்கும் இந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்கெடுத்தால்தான் இந்த வட்டாரத்தின் கதை விளங்கும்.

இந்த வட்டாரத்துக்கு மேலை மருத்துவத்தைக் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பம் இங்கே வந்தது யாழ்ப்பாணம் வழியாக. முதல் ஜான் ஸ்கடர் 1820-வாக்கில் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். அவருடைய பிள்ளைகள் 1853-இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினார்கள். 1866-இல் சைலஸ் ஸ்கடர் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இன்னோர் அமெரிக்கர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன், நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் ஆள் எதற்கு, மருத்துவரையே தமிழில் உருவாக்கிவிடலாம் என்று நினைத்தவர். 1864 முதல் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். 1867-இல் ‘இரணவைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று நூல்கள் அச்சாகின. இந்த முயற்சி ஏன் தொடரவில்லை என்பதற்கு விடை மொழியின் வளத்தில் இல்லை, வேலைச் சந்தையில் இருக்கிறது. 1870-இல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் கேட்டது. கிறீன் 1873-இல் அமெரிக்கா திரும்பிய பிறகு தமிழ் வழி வகுப்பு நிலைக்கவில்லை.

தமிழ் வழி மருத்துவக் கல்வி வந்திருந்தால் இந்தச் சிக்கலே இருந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. கிறீனின் உழைப்பை மதிப்பவர்கள் யாரும் அந்த ஆசையைப் பழிக்கமாட்டார்கள். ஆனால் அந்த வழி யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் அளவுக்குப் பாலாற்றங்கரைக்குப் பொருந்தாது. தமிழில் படித்த மருத்துவர் வாணியம்பாடியின் உருது பேசும் தாயிடமும் பேரணாம்பட்டின் தெலுங்கு பேசும் கிழவரிடமும் வந்து நிற்கும்போது அவருக்கும் துணை வேண்டும். கிறீனின் நூல்களில் உள்ள வடமொழி கலந்த கல்வித் தமிழைப் படித்துத் தேறியவர் குழியில் நின்ற தொழிலாளியின் பேச்சைத் தனியாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். படிப்பின் மொழி எதுவானாலும் நடுவில் நிற்கும் ஆளின் தேவை தீராது.

வேலூரில் அந்த நடு ஆள் பெரும்பாலும் பெண். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடரின் கதையைத் தமிழ் வாசகருக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், வேறொரு இந்து ஒருவர், தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போனார்கள் என்பதும், மூன்று பெண்களும் இறந்தார்கள் என்பதும் பலமுறை சொல்லப்பட்டவை. இது வழக்கமாகப் பெண்களைத் திரைக்குள் வைக்கும் கோஷா முறையின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பெண்களின் வலியைப் பற்றி வெளியே பேசியவர்கள் எல்லோரும் கணவர்கள். மருத்துவர் உள்ளே போயிருந்தாலும் கேள்வி கணவரிடம் போய், பதில் கணவரிடமிருந்துதான் வந்திருக்கும். எனவே பெண் மருத்துவர் வந்தது தொடும் உரிமைக்காக மட்டும் அல்ல, கேட்கும் உரிமைக்காகவும்தான். ஐடா 1900-இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் ஷெல் நினைவு மருத்துவமனை திறந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது 151 பேர் விண்ணப்பித்தார்கள். 1922-இல் முதல் அணியாக 14 பேர் தேறி வெளிவந்தார்கள். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வாரந்தோறும் நடந்த வைத்தியத்துக்கு முதலில் மாட்டு வண்டி போனது, பிறகு மோட்டார் கார் போனது. காரின் படம் புத்தகங்களில் இருக்கிறது. மரத்தடியில் வரிசையை ஒழுங்குபடுத்தி, “எத்தனை நாளா?” என்று கேட்டு, சீட்டில் எழுதவேண்டியதைச் சொன்ன கம்பவுண்டர்களும் வேதாகம ஸ்திரீகளும் செவிலியரும் அதிகம் பதிவாகவில்லை. கட்டுக் கட்டினார், மருந்து கொடுத்தார் என்று அவர்களுடைய வேலை குறிக்கப்பட்டது. பேசினார் என்பது வேலையாகவே எண்ணப்படவில்லை.

அந்தப் பேச்சை வேலையாக எண்ணிச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே அசைக்க முடியாத சான்று ஒன்று இருக்கிறது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் துறை பல்லாண்டுகளாக ஓர் அமைப்பை நடத்திவருகிறது. ஊருக்கு ஒரு பெண், அதே ஊர்க்காரி, பகுதி நேர நலப் பணியாளர். பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எது நடந்தாலும் அவர் சொல்வார். அவருக்கு மேல் ஒரு நல உதவியாளர், பிறகு சமூக நலச் செவிலியர், கடைசியில் மருத்துவர் என்று நான்கு படிகளில் அந்தச் செய்தி சரிபார்க்கப்படும். ஒருவர் இறந்தால் எப்படி இறந்தார் என்று வீட்டாரிடம் பேசியே காரணத்தை நிர்ணயிப்பார்கள். 1994 முதல் 1999 வரை சுமார் 1,08,000 மக்களிடையே இப்படித் திரட்டிய கணக்கு 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 95. அன்றைய அரசுப் புள்ளிவிவரம் காட்டிய தேசிய சராசரியைப்போல் இது ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அடுத்த ஆண்டு லான்செட்டில் வந்த கட்டுரை இளையோரை மட்டும் எடுத்துக்கொண்டது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஒரு லட்சத்துக்கு 148, ஆண்களில் 58. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆனால் அந்த ஊர்ப் பணியாளர்களில் யாருக்கும் இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

இதில் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம். தென்னிந்தியாவில் தற்கொலை உண்மையிலேயே அதிகம், 2012-இல் வந்த நாடு தழுவிய ஆய்வும் அதையே காட்டுகிறது, எனவே ஒன்பது மடங்கும் கேட்ட முறையால் வந்தது அல்ல என்று. சரிதான், எல்லாம் கேட்ட முறையால் வந்தது அல்ல. ஆனால் அந்த நாடு தழுவிய ஆய்வும் காவல் நிலையப் பதிவேட்டை நம்பாமல் வீட்டாரிடம் பேசித்தான் எண்ணியது. அதன் கணக்கும் அரசுக் கணக்கைவிட மிகுந்தே வந்தது. காவலர் வந்து கேட்டால் வீடு வயிற்று வலி என்று சொல்லும். எந்த மகள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள் என்று ஏற்கெனவே தெரிந்த பக்கத்துத் தெருப் பெண் வந்து உட்கார்ந்தால் அதே வீடு வேறு பதில் சொல்லும். இருவரும் பேசுவது தமிழ்தான். கேட்பவர் மாறியதும் மாவட்டத்தின் சாவுக் கணக்கே மாறுகிறது.

தோல் தொழிலாளரின் நோய்க்கு இப்படி ஒரு கேட்பவர் கிடைக்கவில்லை. நோயாளியிடம் “என்ன தொழில் செய்கிறாய்?” என்று கேட்க வேண்டும் என 1700-இலேயே இத்தாலிய மருத்துவர் ராமட்ஸினி எழுதிவைத்தார். தோல் பதனிடுபவர்களின் நோய்கள் பற்றியும் அதே நூலில் உண்டு. ஆம்பூரில் இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் “ஷாப்புல வேலை” என்பது. அதோடு நின்றால் மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது. சுண்ணாம்புக் குழி என்றால் தோல் வெந்துபோகும் புண். குழியையும் தொட்டியையும் கழுவுபவர் என்றால் நச்சு வாயுவால் மூச்சு முட்டிச் சாகும் அபாயம். குரோம் ஓடும் டிரம் என்றால் சொறியும் இளைப்பும். பஃபிங் என்றால் தூசி, ஸ்பிரே என்றால் கரைப்பான்களின் ஆவி. பச்சைத் தோலைக் கையாளுபவருக்கு அடைப்பான் நோயின் வாய்ப்பும் சேர்கிறது. செத்த மாட்டின் தோலா என்று கேட்டால் அந்தக் கேள்வியில் சாதி இருக்கிறது. கேட்கும் விதம் தெரியாதவரிடம் உண்மையான பதில் வராது.

தொழில் மாறியதும் நோயும் மாறியது. நெடுங்காலம் இங்கே ஆவாரம்பட்டைதான் பதனிடும் பொருள். பட்டையில் பதனிட்ட தோலைப் பாதி முடிந்த நிலையிலேயே கப்பலேற்றினார்கள். 1972-இல் சீதாராமையா குழு, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்தால்தான் நாட்டுக்கு லாபம் என்று பரிந்துரைத்தது. பாதி முடித்த தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. குரோம் பெருகியது, பிறகு காலணித் தொழிற்சாலைகள் வந்தன, பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் வேலைக்கு வந்தார்கள். நோயின் பெயர்கள் மாறிய அந்த இருபது ஆண்டுகளில் மருத்துவமனையில் கேட்கப்பட்ட கேள்விகள் அதே வேகத்தில் மாறவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் இது முக்கியமானது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு அதில் இடம்பெற்றது. நிலத்தை அளக்க ஆள் இருந்தது, அதனால் நிலம் வழக்குக்குள் வந்தது. டிரம்மின் அருகே நின்றவரின் நுரையீரலுக்கு அப்படி ஒரு கணக்கு அந்த வழக்கில் முன்வரவில்லை. கிராமத்துச் சாவுகளை எண்ணக் கணியம்பாடியில் செய்த ஏற்பாட்டைத் தோல் ஷாப்புகளின் நோயை எண்ண ஆம்பூரில் யாரும் செய்யவில்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

“கூட வந்த சொந்தக்காரர் போதாதா?” என்பதே என் வாதத்துக்கு வரக்கூடிய பெரிய மறுப்பு. அதற்கு வேலூரிலேயே பலமான ஆதாரம் உண்டு. பாகாயத்தில் 1957-இல் அமைந்த மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற முறை வந்தது. மனநோயாளியைப் பூட்டி வைத்த காலத்தில் அது பெரிய மாற்றம், உலகம் கவனித்த மாற்றம். உறவினரின் இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாகாயத்தில் உறவினர் சிகிச்சையில் பங்கேற்பவராக இருந்தார். அவரிடமே மொழிபெயர்ப்பு வேலையையும் ஒப்படைப்பது வேறு. மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பதும், மகனை வைத்துக்கொண்டு தந்தையிடம் குடியைப் பற்றிக் கேட்பதும் என்ன பதிலைத் தரும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களின் 13 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சந்திப்புக்குச் சராசரி 31 பிழைகள் இருந்தன. மருத்துவமனை அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளில் 53 விழுக்காடு சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. அகப்பட்டவரைக் கொண்டு பேசவைத்தபோது அது 77 விழுக்காடு. அமர்த்தப்பட்டவர்களும் பிழை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி கொடுத்தால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இப்போது வரும் நோயாளிகளும் தொழிலாளிகளும் வேறு. வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து தங்குவோருக்காக வேலூர் காந்தி ரோட்டு விடுதிகளில் வங்காள மொழிப் பலகைகள் தொங்குகின்றன. சந்தை தன் மொழிச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொண்டது, லாபம் இருப்பதால். கூலிக்கு வந்தவர்களின் நிலை அப்படியல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, சகதி வெள்ளம் பக்கத்துத் தொழிற்கூடத்துக்குள் பாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இறந்த பிறகு அவர்களுடைய ஊர் தெரிந்தது. உயிரோடிருக்கும் இத்தகைய தொழிலாளி ஓர் அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கும்போது அவருடைய மொழி என்ன என்று ஓ.பி. சீட்டு கேட்பதில்லை.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி வந்துவிட்டதே என்பார்கள். அவசரத்துக்கு அது உதவும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பேசப்படும் தக்னி உருதும் வட ஆர்க்காட்டுத் தெலுங்கும் செயலிகள் பழகிய ஏட்டு மொழிகள் அல்ல. பயந்து நிற்பவர் சொல்லாமல் விட்டதைத் திருப்பிக் கேட்கவும் செயலிக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையில் இன்னொரு ஆளைப் போட்டால் காசு கேட்க இன்னொரு கை முளைக்கும் என்ற பயமும் உண்மையானதுதான். பிரசவ வார்டில் அலைந்தவர்கள் யாரும் அதைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள். இதற்குப் பதில் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் தொடங்கியது. பிறகு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் அறைகள் வந்தன. அங்கே உட்கார்ந்த ஆலோசகரின் வேலை பேசுவதும் கேட்பதும் ரகசியம் காப்பதும்தான். ஊசி போடமாட்டார், மாத்திரை எழுதமாட்டார். அதற்குப் பயிற்சி இருந்தது, சம்பளம் இருந்தது. பேச்சு மட்டுமே வேலையாக உள்ள ஒரு பணியிடத்தை அரசு மருத்துவமனை தாங்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் பாதி வழி வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்கிறது. 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியும் சேர்ந்தது. ஆனால் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், எச்.ஐ.வி. ஆலோசகர் முதல் மருத்துவச் சமூகப் பணியாளர் வரை எத்தனையோ தொழில்களைப் பட்டியலிட்டபோதும் மருத்துவ மொழிபெயர்ப்பாளர் என்ற ஒருவர் அதில் இல்லை. உரிமை நோயாளிக்குத் தரப்பட்டிருக்கிறது, அதை நிறைவேற்றும் ஆள் எங்கும் குறிப்பிடப்படவில்லை. ஆஸ்திரேலியா 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. பல மொழிகளை வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் மாவட்டங்களுக்கு அது எட்டாக் கனி அல்ல.

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. மூன்று மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. ஓ.பி. சீட்டில் வயதுக்குப் பக்கத்தில் பேசும் மொழியும், தொழில் என்ற இடத்தில் எந்தப் பிரிவில் வேலை என்பதும் எழுதப்பட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகளிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும், தோல் தொழிலாளர் போகும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் உருது, தெலுங்கு, வங்காளம், இந்தி அறிந்தவர்களையும், தோல் ஷாப் வேலையை உள்ளிருந்து அறிந்த பெண்களையும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். தொழிலாளர் சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் இந்தக் கோரிக்கையை அடுத்த மாவட்ட நலக் குழுக் கூட்டத்திலேயே வைக்கலாம்.